மூன்று செக்கன்

முதல் நாளே வீரகத்தி அண்ணையின் வெற்றிலைப் பையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது. அப்போது அதை நான் ஒரு பெரிய வெற்றியாகத்தான் நினைத்தேன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, தை மாதம். எனக்கு இருபத்துநான்கு வயது. கனகலிங்கம் என்று கேட்டால் உடையார்கட்டுப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. "ரெயினிங் தம்பி" என்று கேட்டால் நாய் கூட வழி காட்டும். கொழும்பில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், படித்துவிட்டு, கூட்டுறவுச் சங்கத் தலைவர்களைப் பழக்குவதற்கென்று வந்து இறங்கியிருந்தேன். சங்கம் என்றால் மாவும் சீனியும் நிறுக்கிற கடை மட்டும் என்று நினைக்கக்கூடாது. நெல் வாங்க வேண்டும், பசளை பங்கிட வேண்டும், உழவு மிசினை, அதாவது டிரக்டரை, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு கம்பனி செய்கிற வேலை முழுவதும் அதற்குள் இருந்தது. ஆனால் அந்தக் கம்பனியை நடத்துகிறவர் விடியற்காலையில் வாய்க்காலில் நின்று தண்ணீர் திருப்பிவிட்டு, காலைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வருகிற கமக்காரர். நாற்பது பேர் ஒரேயடியாகச் சுற்றி நின்று கத்தினால் அவர் என்ன செய்வார்? அதைத்தான் நான் பழக்க வந்திருந்தேன்.

ஏழு சங்கத் தலைவர்கள் என்னிடம் இருந்தார்கள். பனிச்சையடிச் சங்கத்தின் தகரக் கொட்டகைதான் வகுப்பு. புளியங்குளத்திலிருந்து வந்த அப்புத்துரை அங்கேயே பாய் போட்டுப் படுத்தார். மற்றவர்கள் சைக்கிளில் வந்து போனார்கள். வீரகத்தி அண்ணைக்கு மட்டும் பயணம் இல்லை. பனிச்சையடிச் சங்கத் தலைவரே அவர்தான்.

என் முறை இதுதான். நடுவில் ஒரு கதிரை. அதில் ஒருவர் இருப்பார். மற்ற ஆறு பேரும் சனங்களாக மாறிச் சுற்றி நின்று கத்துவார்கள். கேள்வி விழுந்து மூன்று செக்கனுக்குள் பதில் வர வேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று கொப்பியில் புள்ளி போடுவேன்.

"தலைவர் யோசிக்கிறார் எண்டு சனம் கண்டால் சனம் பயப்படும். பயந்த சனம் கதிரையைத் தூக்கும்," என்பேன்.

அவர்களுக்கும் இந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. ஊரில் தாங்கள் வாங்கிய பேச்சையெல்லாம் இங்கே மற்றவர் தலையில் கொட்டலாம் அல்லவா? அப்புத்துரை ஒரு நாள் பசளைக் கேள்வியில் தொடங்கி, எதிரில் இருந்தவரின் மாமியார் வீட்டுக் கிணறு வரை போய்விட்டார். நான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று.

முதல் நாள் வீரகத்தி அண்ணை கதிரையில் இருந்தபோது அப்புத்துரை கேட்டது சின்னக் கேள்வி.

"மிசின் எனக்கு எப்ப வரும்?"

அண்ணை மடியில் இருந்த பையை எடுத்தார். வெற்றிலையைத் தொடையில் துடைத்தார். நரம்பு கிள்ளினார். சுண்ணாம்பு பூசி, மடித்து, வாயில் வைத்து, மென்று, ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். பிறகு எழுந்து வெளியே வேலியடிக்குப் போய்த் துப்பினார். றோட்டின் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"என்ன கேட்டனியள்?"

என் மணிக்கூட்டில் நான்கு நிமிஷம் போயிருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. கொப்பியில் ஒரு முட்டை போட்டேன். அன்றைக்கே பை அலுமாரிக்குள் போனது.

"வாய் சும்மா கிடக்குது தம்பி. என்னவோ மாதிரி இருக்கு," என்று இரண்டாம் நாள் சொன்னார்.

"கிடக்கட்டும் அண்ணை. அப்பதானே பதில் வரும்."

வந்தது. மெய்யாகவே வந்தது. மூன்றாவது கிழமையில் கேள்வி முடியும் முன்னமே அவர் பதில் வெடிக்கத் தொடங்கியது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், நடந்தால் மெதுவாக, இருந்தால் மெதுவாக, ஆனால் வாய் மட்டும் பட்டாசு. எனக்கு அவர்தான் பெருமை. மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

மாசி பிறந்தது. நெல் வெட்டு முடிந்து, பனிச்சையடி முழுக்கச் சூடு வைத்திருந்தார்கள். நெற்கதிரைக் கட்டுக் கட்டாகக் கட்டி, தாள் வெளியேயும் நெல் உள்ளேயும் வரும்படி வட்டமாக அடுக்கி, மேலே கூம்பாக முடிப்பதுதான் சூடு. ஒழுங்காக வைத்த சூட்டுக்கு மழை பொருட்டே இல்லை, மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் அடிப்பதற்காக அதைத் தள்ளிக் களத்தில் பரப்பிவிட்டால், பிறகு ஒரு தூறலைக் கூடத் தாங்காது. பரப்பின நெல் நனைந்தால் இரண்டாம் நாள் முளை எட்டிப் பார்க்கும். அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சங்கத்தின் ஒரே உழவு மிசின்தான் எல்லார் களத்திலும் சுற்றி ஓடி நெல்லை மிதித்துக் கொடுக்கும். மிசின் வரும் என்று தலைவர் "ஓம்" சொல்லும் வரை ஒருவரும் சூட்டில் கை வைக்கமாட்டார்கள். சொல்லிவிட்டால் உடனே தள்ளி, பரப்பி, மிசினுக்கு ஆயத்தமாக வைத்திருப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஹலீம் வந்தார். வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் வயல் செய்கிறவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி, எங்களுக்கெல்லாம் அவர் 'நானா'. தண்ணீரூற்றில் ஒரு சின்னக் கடையும் இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடியே கேட்டார்.

"தலைவர், கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருது பாருங்க. மிசினை இண்டைக்கு எனக்கு விடுவீங்களா?"

"ஓம். ரெண்டு மணிக்கு!"

ஹலீமே கொஞ்சம் திடுக்கிட்டுப்போனார். "அவ்வளவுதானா? நான் தேத்தண்ணி குடிச்சிட்டு நிண்டு கேக்கலாம் எண்டெல்லே வந்தனான்," என்று சிரித்துவிட்டு, மணியை அடித்துக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று இதைக் கேட்டேன். அண்ணையின் முதுகில் தட்டவும் செய்தேன்.

பத்தரைக்குப் பயிற்சி. கதிரையில் வீரகத்தி அண்ணை. ஆறு பேரும் சுற்றி நின்று கத்தினார்கள்.

"என்ரை நெல்லிலை பதர் எண்டு ஆர் சொன்னது?"

"சல்லடை சொன்னது!"

"நாளைக்கு மிசின் எனக்கு!"

"ஓம், விடிய ஆறுக்கு!"

"எனக்கு?"

"ஓம், பத்துக்கு!"

"மூண்டு நாளாச் சங்கத்துக்கு வந்து போறன், ஆளைக் காணேல்லை!"

"இப்ப கண்டிட்டியள்தானே, சொல்லுங்கோ!"

கொட்டகை அதிர்ந்தது. என் மாதிரிக் கேள்விகளில் மிசின் பழுதாவதில்லை, மழையும் பெய்வதில்லை. ஆகவே ஓம் என்று எத்தனை தரம் சொன்னாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. அந்த நேரம் பார்த்து நாகேஸ்வரி அக்கா உள்ளே வந்தார்.

அவர் வீரகத்தி அண்ணையின் மனைவிக்குத் தங்கை. புருஷன் காலை முறித்துக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு மாதமாகக் கிடந்தார். வெட்டும் சூடு வைப்பும் இந்த முறை அக்காவின் தலையில். சேலைக்கு மேல் புருஷனின் நீளக்கைச் சட்டை. சட்டையெல்லாம் வைக்கல் தூசி.

"அத்தான், வானத்தைப் பாத்தியளே? மிசினை இண்டைக்கு எனக்குத் தருவியளோ?"

ஆறு பேரும் வாயை மூடினார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"ஓம். ரெண்டு மணிக்கு!"

இரண்டரை செக்கன். ஆறு பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்குத் தட்டுகிறார்கள் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் வந்த காரியம் முடிந்துவிட்டது. களத்துக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். நான் கொப்பியில் பத்துக்குப் பத்து என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

ஹலீமுக்குச் சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். காதால் கேட்டவன் நான். ஆனால் அந்த நேரத்தில் மணிக்கூட்டின் சின்ன முள்ளைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மிசின் சத்தம் வாசல் படலையடியில் வந்து நின்றது. சாரதி மயில்வாகனம் இறங்காமலே கத்தினார்.

"அண்ணை, இப்ப எங்கை போக?"

"ஹலீமின்ரை களத்துக்கு," என்றார் வீரகத்தி அண்ணை.

"நாகேஸ்வரி அக்காவிட்டை," என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். 

மயில்வாகனம் மிசினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "என்ன பகிடியோ? ரெண்டு களத்திலையும் சூட்டைத் தள்ளிப் பரப்பியாச்சு. நான் ரெண்டையும் பாத்துக்கொண்டுதான் வாறன்."

"ரெண்டிலையுமோ?"

"ரெண்டிலையும்தான். ஒண்டை மிதிச்சு முடிக்கப் பின்னேரம் ஐஞ்சாகும். மழை அதுவரைக்கும் உங்களுக்காக நிண்டுகொண்டிருக்குமோ?"

எல்லோரும் வெளியே வந்து கிழக்கே பார்த்தோம். காலையில் கறுப்புக் கோடாக இருந்தது இப்போது அரை வானத்துக்கு ஏறியிருந்தது. அதற்குக் கீழே பனைமரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

அண்ணையின் கை தானாக மடிக்குப் போனது. தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

மயில்வாகனம் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் மூண்டு வருசமா இவரிட்டை மிசின் ஓடுறன். ஒரு நாளும் இப்பிடி நடக்கேல்லை. ஏனெண்டு தெரியுமோ? ஒருத்தன் வந்து கேட்டால், இவர் வெத்திலையைப் போட்டுச் சப்பி, வேலியடிக்குப் போய்த் துப்பி, றோட்டைப் பாத்து வரமட்டும் அவன் நிக்கோணும். அதுக்கிடையிலை மற்றவனும் வந்திடுவான். ரெண்டு பேரும் ஆளையாள் கண்டு, தங்களுக்குள்ளை கதைச்சு, ஒருத்தன் விட்டுக்குடுத்திடுவான். இவர் வந்து ஓம் எண்டு சொல்லுறது கடைசிக் கதை. நாங்கள் ஊரிலை ஆரும் அதை நேர மினைக்கேடு எண்டு நினைக்கேல்லை."

"ஏன் இதை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரிட்டைக் கேட்டனியள்?"

என்னால் நிற்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. சைக்கிளை எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் அக்காவிட்டைப் போங்கோ. நான் ஹலீம் நானாவோடை கதைக்கிறன். அவர் நல்ல மனிசன், விட்டுக்குடுப்பார். மயில்வாகனம் அண்ணை, நீங்கள் மிசினை மதகடியிலை கொண்டுபோய் நிப்பாட்டி வையுங்கோ."

"எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்ட?" என்றார் மயில்வாகனம்.

நான் அதற்குள் மிதித்துவிட்டேன்.

மதகைத் தாண்டி ஒரு கட்டை, ஒரு மைல் தூரம். எதிர்க்காற்று. ஹலீம் களத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தடியோடு நின்றார். அவர் மனைவி சபூறா தடியால் கட்டுகளைப் பிரித்து வட்டமாகப் பரப்பிக்கொண்டிருந்தார். சூடு இருந்த இடத்தில் ஒரு வெறும் வட்டம்தான் மிச்சம்.

"வாங்க தம்பி! மிசின் பின்னால வருதா?"

"நானா, ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு." எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகச் சொன்னேன், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நாகேஸ்வரி அக்காவின் புருஷன் ஆஸ்பத்திரியில் இருப்பதையும் சொன்னேன். "நீங்கள் இண்டைக்கு விட்டுக்குடுத்தால்..."

ஹலீம் தடியை நிலத்தில் ஊன்றினார். "இதை ஆர் சொல்லுறது? தலைவரா, நீங்களா?"

"நான்தான்."

"அப்ப நான் கேக்கல்ல."

"நானா..."

"பொறுங்க. எனக்கு மிசின் இல்லை எண்டா, அவர் வந்து இல்லை எண்டு சொல்லட்டும். நான் இதெல்லாத்தையும் அள்ளிக் கட்டித் திருப்பி அடுக்குவன். சண்டைக்கு வரமாட்டன். அந்தப் பொம்பிளைட கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா உங்கட வாயால அதைக் கேக்க மாட்டன். நீங்க இன்னும் ரெண்டு மாசத்தில பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருவீங்க. நானும் அவரும் இந்த வாய்க்கால்லதான் தண்ணி பாய்ச்சணும். அவர் வாயால சொன்னதை அவர் வாயால மாத்தட்டும்."

சபூறா பரப்புவதை நிறுத்தவில்லை. "நேரம் போகுது," என்று மட்டும் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் சைக்கிளைத் திருப்பினேன்.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. மதகடியில் மயில்வாகனம் மிசினைச் சரியாக நடுவில், வாய்க்காலைப் பார்த்து நிறுத்தியிருந்தார். இரண்டு பக்கமும் இல்லை.  மண் நனைந்த வாசம் எங்கிருந்தோ வந்தது. மழைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம். அதுவும் இருக்குமோ தெரியாது.

நாகேஸ்வரி அக்காவின் களம் மதகிலிருந்து கூப்பிடு தூரம். களம் முழுக்கக் கதிர் கிடந்தது. பக்கத்துக் காணி இலட்சுமி அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் நின்றார்கள். வீரகத்தி அண்ணை ஒரு ஓரமாக, நட்டுவைத்த கட்டை மாதிரி நின்றார்.

"வந்து அரை மணித்தியாலமாகுது, மிசின் எங்கை எண்டு கேட்டால் வானத்தைப் பாக்கிறார்," என்று நாகேஸ்வரி அக்கா என்னிடம் சொன்னார். "மயில்வாகனம் மதகடியிலை நிக்கிறான், வாறானில்லை. ஹலீம் நானாவின்ரை களத்திலையும் பரப்பிக் கிடக்காம். என்ன நடக்குது?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

அக்கா என் முன்னால் வந்து நின்றார். "தம்பி, நீங்கள்தானே எல்லாருக்கும் படிப்பிக்கிறனியள். நீங்கள் சொல்லுங்கோ. மிசின் எனக்கோ, ஹலீம் நானாவுக்கோ?"

நான் வாயைத் திறந்தேன்.

ஏழு தலைவர்களுக்கு நூறு தரமாவது சொல்லிக்கொடுத்திருப்பேன்: நிமிர்ந்து நில், கண்ணைப் பார், குரலை உயர்த்தாதே, உடனே சொல். நான் நிமிர்ந்து நின்றேன். அவர் கண்ணைப் பார்த்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.  அக்காவுக்கு என்றால் ஹலீம் மதகைத் தாண்டி இனிச் சங்கத்துக்கு வரமாட்டார். ஹலீமுக்கு என்றால் இந்தக் களத்தில் கிடக்கிற ஒரு வருஷம் நனைந்து போகும்.  மூன்று செக்கன் போனது. முப்பது போயிருக்கும்.

"உனக்கில்லை, நாகேசு."

அண்ணைதான். நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி, அக்காவைப் பார்த்து, திரும்பவும் சொன்னார்.

"மிசின் உனக்கில்லை. காலமை ஹலீமுக்குச் சொன்னனான். பிறகு உனக்கும் சொல்லிப்போட்டன். முதல் சொன்னது அவனுக்கு. அவனிட்டைத்தான் போகோணும்."

"அப்ப எனக்குச் சொன்னது?"

"பொய்."

"பொய்யோ?" அக்காவின் குரல் உடைந்தது. "நான் உங்களை நம்பியெல்லோ சூட்டைத் தள்ளினனான்! பத்துப் பேர் வைச்ச சூடு அத்தான்!"

"தெரியும். நீ வந்ததும் தெரியும், பகிடிக்கு வரேல்லை எண்டதும் தெரியும். வாய் முந்திப் போச்சு. எழும்பி வந்து உன்னைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அவங்கள் கை தட்டிக்கொண்டு நிண்டாங்கள். வெக்கமாக் கிடந்துது."

"கை தட்டினவையோ! ஆஸ்பத்திரியிலை கால் முறிஞ்சு கிடக்கிற மனிசனுக்கு நான் என்ன சொல்ல? நெல்லு முளைச்சுப் போச்சு, ஆனா அத்தானுக்கு நல்ல கைதட்டு எண்டோ?"

"அக்கா, பிழை என்னிலைதான்," என்றேன். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "நான்தான் அவரை..."

"நீங்கள் பொறுங்கோ. உங்களைப் பிறகு கவனிக்கிறன்."

அண்ணை தோளில் கிடந்த சால்வையை எடுத்தார். மதகைப் பார்த்து உயர்த்தி, ஹலீமின் பக்கமாக இரண்டு தரம் வீசினார். மிசின் உறுமியது. திரும்பியது. மதகைத் தாண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நாகேஸ்வரி அக்கா அது மறையும் வரை பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் சேலையை இழுத்துச் சொருகினார்.

"கட்டுங்கோ. திருப்பிச் சூடு வைப்பம்."

"மழைக்கு முதல் ஏலுமோ பிள்ளை?" என்றார் இலட்சுமி அக்கா.

"ஏலுறதை வைப்பம்."

அப்போதுதான் மற்ற ஐந்து தலைவர்களும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அப்புத்துரை மட்டும் ஹலீமின் களத்துக்குக் கை கொடுக்கப் போய்விட்டாராம். ஐந்து பேரும் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார்கள். போட்ட கையோடு என் பயிற்சி வேலை செய்யத் தொடங்கியது.

"இஞ்சை இருந்து தொடங்குங்கோ!"

"இல்லை, காத்துப் பக்கத்தை முதல் அள்ளு!"

"நீர் அங்கை நில்லும்! நீங்கள் கயிறு கொண்டு வாங்கோ!"

"கயிறு இவர் கொண்டு வரட்டும், நான் ஆளைப் பிரிக்கிறன்!"

ஒருவரும் ஒரு பிடி நெற்கதிரையும் தூக்கவில்லை. ஐந்து பேரும் ஐந்து பக்கம் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பதிலும் மூன்று செக்கனுக்குள் வந்தது.

"வாயை மூடுங்கோ எல்லாரும்!" நாகேஸ்வரி அக்கா போட்ட சத்தத்தில் கொக்குகள் வரம்பிலிருந்து எழும்பின. "இஞ்சை ஒரு தலைவரும் எனக்குத் தேவையில்லை. அள்ளுற ஆள்தான் வேணும். நீங்கள் மூண்டு பேரும் அள்ளுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் கட்டுங்கோ. தம்பி, நீங்கள் கட்டைத் தலையிலை காவுங்கோ."

நான் காவினேன்.

வீரகத்தி அண்ணை சூடு வைக்கிற வட்டத்துக்குள் போய் நின்றார். அந்தப் பகுதியிலேயே சூடு வைப்பதில் அவர் கைதான் கை. அது எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டை வாங்கக் கையை நீட்டினார்.

"நீங்கள் வைக்க வேண்டாம்," என்றார் நாகேஸ்வரி அக்கா. "இலட்சுமி அக்கா, நீங்கள் ஏறுங்கோ."

அண்ணை நீட்டிய கையை மடக்கினார். பிறகு வட்டத்தை விட்டு வெளியே வந்து, என் பின்னால் வரிசையில் சேர்ந்து, கட்டைத் தலையில் ஏற்றினார்.

அதற்குப் பிறகு வேலைதான். அள்ளுகிற சத்தம், கயிறு இறுகுகிற சத்தம், மூச்சு. கதிர்த் தாள் கழுத்தை அறுத்தது. வேர்வை பட்டு எரிந்தது. தூரத்தில் மிசின் சுற்றுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்போதெல்லாம் நாகேஸ்வரி அக்காவின் கை இன்னும் வேகமாக ஓடியது. சூடு இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலானது. இலட்சுமி அக்கா மேலே நின்று, ஒரு கட்டை வாங்கி, காலால் மிதித்து, அடுத்ததற்குக் கை நீட்டினார். களத்தில் பாதி வெறுமையாகிவிட்டது. முக்கால்வாசி. நான் முதல் தரமாக, முடித்துவிடுவோம் போல இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது விழுந்தது. முதலில் காய்ந்த தாளில் டக், டக் என்று நாலைந்து துளி. எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து இரைந்துகொண்டு வந்து ஒரேயடியாகக் கொட்டியது.

"மேலை மூடு! மேலை மூடு!"

வீட்டுக்கு வேயக் கட்டி வைத்திருந்த தென்னோலைக் கிடுகை இழுத்து வந்தோம். இலட்சுமி அக்கா அவற்றை வாங்கிச் சூட்டின் தலையில் விரித்தார். கீழே இன்னும் கால்வாசிக் கதிர் அப்படியே கிடந்தது. மிஞ்சிய சாக்குகளை அதன் மேல் போட்டோம், போதவில்லை. தண்ணீர் களத்தின் சரிவால் ஓடி வந்து அடிக்கதிருக்குள் புகுந்தது. உதிர்ந்திருந்த நெல்மணிகள் மிதந்து வரம்புப் பக்கம் போவது தெரிந்தது. நாகேஸ்வரி அக்கா முழங்காலை ஊன்றி, கையால் சேற்றை அணைத்து, அந்த ஓட்டத்தை மறித்துக்கொண்டிருந்தார். அண்ணை மண்வெட்டியோடு போய் மறுபக்கத்தில் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தூரத்தில் மிசின் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் அப்புத்துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு தெப்பமாக வந்தார். வேலிக்கு வெளியே நின்றே கத்தினார்.

"ஹலீமின்ரை நெல்லு தப்பிச்சுது! முக்கால்வாசி மிதிச்சாச்சு, மிச்சத்தையும் சேத்துத் தார்ப்பாய்ப் படங்காலை மூடியாச்சு!"

 அப்புத்துரை எங்கள் களத்தைப் பார்த்தார். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

நாகேஸ்வரி அக்கா எழுந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார், சேறுதான் பரவியது. அன்றைக்கு முதல் தரமாக நேரே அண்ணையிடம் போனார்.

"அப்ப நாளைக்கு மிசின் முதல் எனக்குத்தானே?"

கேட்டதில் ஒரு அதட்டல் இருந்தது. அதற்கு ஒரு பதில்தான் இருக்க முடியும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. என் வாயில் கூட ஓம் வந்து நின்றது. இவ்வளவுக்கும் பிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

அண்ணை களத்தைப் பார்த்தார். கிடக்கிற கதிரைக் குனிந்து பிடித்து, ஒரு நெல்லை உருவி, நகத்தால் அமத்திப் பார்த்தார். சூட்டின் பக்கமாகப் போய்க் கையை உள்ளே விட்டுத் தடவினார். திரும்பி வந்தார். மழை அவர் மூக்கு நுனியால் வடிந்துகொண்டிருந்தது. அக்கா அசையாமல் நின்றார்.

"இல்லை."

"என்ன?"

"நாளைக்கு இல்லை. கட்டின கட்டும் ஈரம்தான். காயாமல் மிசினை ஏத்தினால் நெல்லு நசிஞ்சு அவலாப் போம். வெயில் எறிச்சால் மூண்டு நாள் காயோணும். இந்தக் கிடக்கிறதை விடிய வந்து நான் உதறிக் காயப்போடுறன். நாளைக்கு மிசின் இலட்சுமிக்கு, அவளின்ரை சூடு தள்ளாமல் காய்ஞ்சு கிடக்கு."

"எனக்கோ?" என்று மேலே இருந்து ஒரு குரல் வந்தது. இலட்சுமி அக்கா கிடுகைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். "நான் கேக்கவே இல்லையே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. நாகேஸ்வரி அக்கா அண்ணையை நோக்கி ஒரு அடி வைத்தார்.  கையில் மண்வெட்டி இருந்தால் போட்டிருப்பாரோ என்று கூட நினைத்தேன்.

"இண்டைக்கு ரெண்டு தரம் எனக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டியள்," என்றார்.

"ஓம்."

"காலமை ஒருக்கால் சொல்லியிருந்தால் போதும்."

அண்ணை தலையை ஆட்டினார்.

"கோவம் கிடக்கு அத்தான். அது லேசிலை போகாது. அக்காவிட்டையும் சொல்லுவன், சங்கக் கூட்டத்திலையும் எழும்பிச் சொல்லுவன்."

"சொல்லு."

காற்று ஒன்று அடித்தது. சூட்டின் கிழக்குப் பக்கத்துக் கிடுகு எழும்பி, அடியில் இருந்த கதிர் வெளியே தெரிந்தது. அக்கா கயிற்றுச் சுருளை எடுத்து ஒரு நுனியை அண்ணையின் பக்கம் எறிந்தார்.

"இப்ப அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ. இழுத்துக் கட்டாட்டி எல்லாம் பறந்திடும்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும்தான் தம்பி. ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.